சென்றவர் கையில் சாவி

சொந்த ஊரை விட்டு வெளி மாநிலத்தில் குடியேறிய நம்மவர்க்கு ஒரு சங்கடம் நன்கு தெரியும். ஆள் இங்கே, ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயர் அங்கே. நீக்க மனம் வராது; வைத்திருந்து ஆவதும் ஒன்றில்லை. கணினி உலகிலும் இத்தகைய சங்கடம் ஒன்று உண்டு.

கட்டற்ற மென்பொருள் ஊர் கூடித் தேர் இழுக்கும் காரியம். நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம். நாம் வாழும் பெங்களூரில் 2001ஆம் ஆண்டு ‘லினக்ஸ் பெங்களூர்’ என்று தொடங்கி, 2005இல் ‘ஃபாஸ் டாட் இன்’ எனப் பெயர் மாறி, 2012ஆம் ஆண்டோடு நின்ற மாநாடுகளைக் கண்டு வடம் பிடிக்க வந்த இளைஞர் பலர். பின்னர் வேலை, மணம், வெளிநாடு என ஆளுக்கொரு திசையில் சென்றனர். ஊதியமில்லாப் பணி, விட்டுச் செல்வது குற்றமன்று. ஆயினும் சாவி அவர் கையிலேயே இருந்துவிடுகிறது. அரசு அலுவலகத்தில் மாற்றலாகிச் செல்பவர் பொறுப்பை ஒப்படைத்துக் கையொப்பமிட்ட பின்னரே போக முடியும். இங்கே அந்தச் சடங்கு இல்லை.

சாவி கிடந்தால் என்ன கெட்டுவிடும்? 2022 மே மாதம் நிகழ்ந்ததைக் கேளுங்கள். பைத்தான் நிரல்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் ‘சிடிஎக்ஸ்’ என்றொரு சிறு நிரல் பல்லாண்டுகளாக மாற்றமின்றிக் கிடந்தது. அதற்குரியவரின் மின்னஞ்சல், அவர் பதிவு செய்திருந்த இணையப் பெயரில் அமைந்தது. அப்பதிவு காலாவதியாயிற்று. வேறொருவர் அப்பெயரை விலைக்கு வாங்கினார். கடவுச்சொல் மறந்துவிட்டதென்று களஞ்சியத்துக்குத் தெரிவித்தார். புதுச் சொல்லுக்கான அஞ்சல் நேரே அவரிடமே வந்து சேர்ந்தது! பூட்டை உடைக்கவில்லை, சுவர் ஏறவில்லை. பயன்படுத்துவோரின் ரகசியக் குறிப்புகளைத் திருடியனுப்பும் நிரலை அதே பெயரில் வைத்துவிட்டார்.

2024 தொடக்கம் முதல் அக்களஞ்சியத்தில் கடவுச்சொல்லோடு இரண்டாம் அடையாளமும் கட்டாயம். 2025 ஜூன் முதல், காலாவதியாகும் இணையப் பெயர்களைக் கண்காணித்து, ஆகஸ்டுக்குள் 1,800க்கு மேற்பட்ட முகவரிகளின் உறுதிப்பாட்டை நீக்கினர்.

ஆகவே, உறங்கும் கணக்குகளின் உரிமையை மீட்பது தேவையே. எவ்வாறு மீட்பது என்பதில்தான் பண்பு வெளிப்படுகிறது. விக்கிமீடியாவின் தளங்களுள் தமக்கெனத் தனி விதி வகுக்காதவற்றில், நிருவாகி ஒருவர் 2 ஆண்டுகள் எப்பணியும் செய்யாதிருப்பின் முதலில் அறிவிப்பு, ஏறத்தாழ ஒரு மாதத் தவணை, அதன் பின்னரே சிறப்புரிமை நீக்கம். கணக்கும் எழுதியவையும் அப்படியே நிற்கும். டெபியன் திட்டத்தில், காணாமற்போனவர்களை விசாரிப்பதற்கென்றே ஒரு குழு உண்டு; பணி விட்டோர்க்கு ஓய்வுபெற்ற கௌரவ நிலையும் உண்டு. லினக்ஸ் கருவிலோ பொறுப்பாளர் பட்டியல் வேறு, நன்றிப் பட்டியல் வேறு. முன்னதிலிருந்து நீங்குபவரின் பெயரைப் பின்னதில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. நமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

காரணம் இருக்கிறது. நாமும் ஒரு மென்பொருளின் தமிழாக்கத்தில் சில நூறு வரிகளைப் பெயர்த்துத் தந்தோம். பின்னர் நான்கு ஆண்டுகள் எட்டியும் பார்க்கவில்லை. ஒருநாள் அறிவிப்பு வந்தது. வீட்டை விட்டு வெளியேற்றுகிறார்களோ என்று முதலில் மனம் சுருங்கியதை மறைப்பானேன்? மறுமுறை படித்தபோதுதான், பெயர் இருக்கும், அனுமதி மட்டுமே போகும் என்பது விளங்கியது. கடவுச்சொல்லும் நமக்கு மறந்து போயிருந்தது. “உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று அன்றிரவே விடை எழுதினோம். கூடவே, பழைய வரிகளில் நாம் செய்திருந்த இரண்டு பிழைகளையும் சுட்டி அனுப்பினோம்.