கொடுக்கும் கைக்கு ஒரு காப்பு

முகூர்த்த நாளில் பிற்பகல் இரண்டரை மணிக்குத் தியாகராய நகரில் எந்தக் கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டை எட்டிப் பார்த்தாலும் இந்தக் காட்சி இருக்கும். கடைசிப் பந்தி எழுந்துவிட்டது. அண்டாவில் கால்வாசிச் சாதம், வாளி வாளியாகச் சாம்பார், ஒருவரும் தொடாத பாயசம். ஐம்பது பேர் வயிறாரச் சாப்பிடலாம். சமையல் காண்டிராக்டருக்கும் கொட்ட மனம் வராது. ஆனால், "யாருக்காவது குடுத்து, ராத்திரி வாந்தி பேதின்னு ஆயிட்டா என் லைசென்ஸ் போயிடுமே சார்" என்று கையைப் பிசைவார். நுகர்வோர் வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்துக்கு இலவசம், விலை என்ற பேதம் கிடையாது. பாதுகாப்பற்ற உணவை விற்றவரோடு, விநியோகித்தவரையும் அதன் 59ஆம் பிரிவு சேர்த்தே பிடிக்கிறது. அந்த உணவால் உயிரே போய்விட்டால் குறைந்தது 7 ஆண்டு சிறை, கூடினால் ஆயுள் தண்டனை. 65ஆம் பிரிவின்படி இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. கோயில் விழாவிலும் சமூக நிகழ்ச்சியிலும் உணவு வழங்குகிறவர்கள்கூடப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது 2011ஆம் ஆண்டு விதி. திருவண்ணாமலை தீபத்துக்கு அன்னதானம் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் அனுமதி வாங்குகிறார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அறுபத்துமூவர் விழா அன்று மாடவீதிகளில் பானகமும் புளியோதரையும் கொடுக்கிற மயிலாப்பூர் நேயர்களே, நீங்களும் இதை மனதில் வையுங்கள். பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான்.

இனி, பயத்தைக் குறைக்கிற பக்கம். அதே சட்டத்தின் 80ஆம் பிரிவு, தவறு நேராமல் இருக்க நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன், உரிய கவனத்தோடு நடந்தேன் என்று நிரூபிக்கிறவருக்கு அதையே எதிர்வாதமாக அனுமதிக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பணம் கொடுத்து வாங்கியவரைத்தான் நுகர்வோர் என்று கொள்கிறது. ஆகவே, தானமாக உண்டவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அநேகமாக வழியில்லை. ஆனால் 80ஆம் பிரிவில் நிரூபிக்க வேண்டியவர் கொடுத்தவர். எதைக் காட்டி நிரூபிப்பது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த தலைமைச் சமையற்காரர் ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்குகிறவர். மிஞ்சியதைக் கொடுத்தனுப்பும் ஒவ்வொரு பாத்திரத்தோடும் ஒரு துண்டுச் சீட்டு வைப்பார். சாதம் வடித்தது பதினொன்றே கால், சாம்பார் இறக்கியது பத்தே முக்கால், வண்டியில் ஏற்றியது இரண்டு நாற்பது, இன்னின்ன மணிக்குள் சாப்பிட்டுவிடவும். கீழே கையெழுத்து. நகல் ஒன்று மண்டபத்திலேயே இருக்கும். சட்டம் படித்து அவர் இதைச் செய்யவில்லை. "தேங்கா அரைச்சு விட்டது முதல்ல காலியாகணும் சார். கூட்டு, அவியல் எல்லாம் நிக்காது. புளி சேர்ந்தது கொஞ்சம் தாங்கும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். பரிமாறிய வாளியில் மிஞ்சியதை அவர் அனுப்பவே மாட்டார். பந்திக்குப் போகாமல் அண்டாவிலேயே தங்கியது மட்டும்தான் வண்டி ஏறும்.

உரிய கவனம் என்று நீதிமன்றத்தில் நான் பக்கம் பக்கமாக வாதாட வேண்டியதை அந்தச் சீட்டு நாலு வரியில் சொல்லிவிடுகிறது. பேனா பக்கத்தில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சமைத்த நேரம், கொடுத்த நேரம், எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும், வாங்கியவர் கையெழுத்து. சூடான உணவு 60 டிகிரிக்கு மேலேயோ, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழேயோ இருக்க வேண்டும். சென்னை வெயில் இரண்டுக்கும் நடுவில் அடிக்கிறது, கிருமி பெருகுவதற்கு வாகாக. ஆறிப்போன சாதத்தை மறுபடி சூடுபண்ணினால் போதும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். சாதத்தில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் அழியாது. அதனால் எல்லாமே நேரத்தில்தான் இருக்கிறது.

அடையாறில் முதியோர் இல்லம் நடத்தும் ஓர் அம்மா, நேரம் கடந்து வந்த பாத்திரத்தை ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார். கொடுத்தவருக்குப் பெரிய வருத்தம், என்னிடம் வந்து சொல்லிக் குறைபட்டார். அந்த அம்மா உங்களையும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறார் என்று சொன்னேன். பெசன்ட் நகரில் 2017இல் மருத்துவர் இசா ஃபாத்திமா ஜாஸ்மின் வைத்த பொதுக் குளிர்பெட்டி பல நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். முகம் தெரியாதவர் வைத்ததை முகம் தெரியாதவர் எடுத்துச் சாப்பிடுகிற அந்த மாதிரி இடத்தில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டுவது இன்னும் முக்கியம்.

மிஞ்சிய உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. பதிவேடு, லேபிள், சுத்தம் எல்லாம் அதில் உண்டு. நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்மேல் வழக்கு வராது என்று நேரடியாகச் சொல்லும் ஒரு பிரிவைத்தான் நம் உணவுச் சட்டத்தில் தேடவேண்டியிருக்கிறது. அமெரிக்கா 1996இலேயே அதை எழுதிவிட்டது. படுமோசமான அலட்சியமோ, வேண்டுமென்றே செய்த தீங்கோ இருந்தால் ஒழிய, கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லை. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2024 ஆகஸ்டில் இதே நோக்கத்தோடு ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன் நிபந்தனைகளைப் படித்தபோது எனக்கு மந்தைவெளிக்காரர்தான் ஞாபகம் வந்தார். கொடுக்கும்போது உணவு நன்றாக இருக்க வேண்டும், எப்படி வைத்துக்கொள்வது, எத்தனை நேரத்துக்குள் உண்பது என்று வாங்குகிறவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சுகாதார விதிகளைப் பின்பற்றியிருக்க வேண்டும்.

நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குச் சட்டம் காப்புக் கொடுப்பது நம் நாட்டுக்கும் புதிதல்ல. சாலையில் அடிபட்டவருக்கு உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்று முன்பு எல்லோரும் ஒதுங்கிப் போனோம். 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களுக்கான வழிகாட்டுதல்களை உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் அவர்களைக் காக்க 134ஏ என்ற பிரிவே வந்தது. உணவுக்கும் அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் உண்கிறவரின் உரிமையைக் குறைத்து அதை எழுதக் கூடாது. 2018 டிசம்பரில் கர்நாடகத்தின் சுள்வாடி கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதம் உண்டு 15 பேருக்கு மேல் இறந்தார்களே, அப்படிப்பட்ட கொடுமைக்கு எந்தக் காப்பும் பொருந்தக் கூடாது. இலவசமாக வாங்குகிறவர் ஏழை என்பதற்காக அவர் உயிருக்கு மதிப்புக் குறையாது.

நேரம் நெருங்கிவிட்டது. நாடாளுமன்றம் அந்தப் பிரிவை எழுதும் நாள் சீக்கிரம் வரும் என்று நம்புகிறேன். அதற்குள் உங்கள் வீட்டில் கல்யாணம் வந்தால், மெனு பேசும் அன்றைக்கே சமையல் காண்டிராக்டரிடம் இந்தச் சீட்டையும் பேசிவிடுங்கள். மிஞ்சியதை எந்த இல்லத்துக்கு அனுப்புவது என்று முதல் நாளே போன் செய்து வையுங்கள்.