மனிதவளக் கல்வியும் தோட்டத்துப் பிள்ளைகளும்

(மலாக்கா மாநிலத் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)

 

நம் நாட்டில் ரப்பர் முதன்முதலாக வாணிபப் பயிராக நடப்பட்டது இந்த மலாக்கா மண்ணில்தான். 1896ஆம் ஆண்டு, புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் அதனைத் தொடங்கினார். மரத்தின் நோயையும் உரத்தையும் ஆராய 1925ஆம் ஆண்டிலேயே ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. ஆனால், மரம் சீவும் மனிதரை நிர்வகிப்பதும் கற்றறிய வேண்டிய ஒரு கலை என்பதை உலகம் மெதுவாகவே உணர்ந்தது.

நம் பாட்டனார் காலத்தில் ஆள் சேர்த்தவர் கங்காணி. வேலை வாங்கியவரும் அவரே. வழக்குத் தீர்த்தவரும் பெரும்பாலும் அவரே. பிறகு நிலை மாறியது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1955இல் வேலைச் சட்டமும், 1967இல் தொழில் உறவுச் சட்டமும் வந்தன. அன்று ஒரு மனிதரின் விருப்பத்தைச் சார்ந்திருந்தவை, இன்று சட்டத்தையும் கணக்கையும் சார்ந்துள்ளன. அவற்றை முறையாகக் கற்பிக்கும் துறையே மனிதவள நிர்வாகம்.

எம்.பி.ஏ. எனப்படும் வணிக நிர்வாக முதுநிலைப் பட்டத்தில் இத்துறையைச் சிறப்புப் பாடமாகப் பயிலலாம். ஆள் தேர்வு, பயிற்சி, ஊதிய அமைப்பு, தொழில் உறவு, தொழிற்சட்டம் ஆகியவை அதில் இடம்பெறும். அவற்றோடு நிதி, சந்தை, நிறுவனத் திட்டமிடல் ஆகியவற்றையும் கற்க வேண்டும். இங்கேதான் இப்பட்டத்தின் பயன் உள்ளது. தொழிலாளியின் நலனைக் கருணையாக மட்டும் பேசாமல், நிறுவனத்தின் வரவு செலவோடு பொருத்திக் காட்டிப் பேசுபவரின் சொல், முடிவெடுக்கும் மேசையில் எடுபடும்.

இது நமக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்பீர்கள். ஒரு தோட்டம் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1980ஆம் ஆண்டின் பணிநிறுத்த நன்மை விதிகளின்படி, புதிய உரிமையாளர் ஏழு நாள்களுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வர வேண்டும். முன்வராவிட்டால் தொழிலாளிக்கு நன்மைத்தொகை உண்டு. தக்க காரணமின்றி அவ்வேலையைத் தொழிலாளி மறுத்தால் அத்தொகை இல்லை. ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு, ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளம் கணக்கிடப்படும். 12 ஆண்டுகள் பால் வெட்டியவருக்கு அது 240 நாள் சம்பளமாகும். அந்தக் கணக்கு சரியாகப் போடப்பட்டதா என்பதில் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருக்கிறது.

அவ்வாறே, வேலை நீக்கம் நியாயமற்றது என்று கருதுபவர் 60 நாள்களுக்குள் முறையிட வேண்டும். நாள் கடந்தால் உரிமையும் கடந்துவிடும். இவற்றை அறிந்த ஒருவர் அலுவலகத்தில் அமர்ந்திருப்பது நிர்வாகத்திற்கும் நன்மை, தொழிலாளிக்கும் நன்மை. அவர் லயத்தில் பிறந்து, பிரட்டுக்குச் சென்ற தாய் தந்தையரைக் கண்டு வளர்ந்தவராகவும் இருந்தால், ஏட்டில் காணாத பலவற்றை அவர் அறிந்திருப்பார்.

இதற்கு வழி என்ன? எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா, அதன்பின் இளநிலைப் பட்டம், சில ஆண்டுகள் பணி அனுபவம், பின்னர் முதுநிலை என்பதே வழக்கமான படிக்கட்டு. வாணிபக் கல்வி பயில மலாக்காவிலேயே மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வளாகம் உள்ளது. 2000ஆம் ஆண்டில் தோன்றிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலை பார்த்துக்கொண்டே பயில்வோருக்கு ஏற்றது. கிராணியாகவோ மேற்பார்வையாளராகவோ பணிபுரியும் இளைஞர்கள் இதனைக் கருத்தில் கொள்க. எங்குச் சேர்வதாயினும், அப்படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் கேட்டறிதல் அவசியம்.

செலவுக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து தம் கல்விக்கோ பிள்ளைகளின் கல்விக்கோ பணம் எடுக்க வழியுண்டு. எனினும் அது முதுமைக்கென வைத்த பணம். எண்ணிப் பார்த்தே எடுக்க வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளை மருத்துவராகட்டும், வழக்கறிஞராகட்டும் என்று வாழ்த்துகிறீர்கள், நன்று. மனிதரை நிர்வகிக்கும் கல்வியும் ஒன்று உண்டு என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். சம்பளத்தையும் பணிநீக்கத்தையும் பற்றி முடிவு செய்யும் இடத்தில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும். அங்கே அவர்கள் சட்டம் அறிந்தவர்களாகவும் நெஞ்சில் ஈரம் உடையவர்களாகவும் விளங்க வேண்டும்.