வயோதிபரோடு ஒரு நடை



காலிமுகத்திடலின் கடலோர நடைபாதை 1859 இல் நிறைவுற்றது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலன் கருதி அதனைத் தமக்குப் பின் வருவோருக்குப் பரிந்துரைத்ததாக அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. வயோதிபரை அது குறிப்பிடவில்லை!

உங்கள் வீட்டு வயோதிபர் ஏன் வெளியே நடப்பதில்லை? முழங்கால் வலி மட்டுமே காரணமன்று. உடைந்த நடைபாதை, விரையும் முச்சக்கரவண்டி, விழுந்தால் தூக்க ஆளில்லையே என்ற அச்சம். பத்துப் பேரோடு நடக்கையில் அவ்வச்சம் குறைகின்றது.

முதியோருக்கும் வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பேனும் வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல். நடந்தவாறே பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான வேகம். ஆகவே பேச்சுத்துணையே அளவுகோலுமாகின்றது.

சுபஹ் தொழுகையின் பின் பள்ளிவாசல் வாயிலில் ஆண்கள் ஒன்றுகூடுவது எளிது. உம்மாமாருக்கு வேறு நேரமும் இடமும் வேண்டும். இதனை நாம் மறந்துவிடுகின்றோம்.

இளைஞர்களே, ஒருவர் முன்னே செல்லுங்கள். ஒருவர் கடைசியில் வாருங்கள். அக்கடைசி ஆளுக்குப் பின்னால் எவரும் தங்கிவிடலாகாது. மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம்.

ஒருநாள் நான் வாப்பாவுக்குப் பத்தடி முன்னே சென்று, திரும்பித் திரும்பி நின்றேன். "நீங்க போங்க மகன், நான் மெதுவா வாறேன்" என்றார். அதன்பின் அவர் என்னோடு நடக்க வரவேயில்லை.

இவ்வாரமே ஒருவரை அழையுங்கள். அவர் நீரிழிவுக்கு மருந்தெடுப்பவராயின், உங்கள் சட்டைப்பையில் இரண்டு டொஃபி இருக்கட்டும்.