சுழியோடியின் தலைக்கவசம்

முத்துக்குளிப்போர் மூச்சடக்கி மூழ்கிச் சிறிது நேரத்தில் மீள்வர். கப்பலின் அடிப்பாகத்தையோ துறைமுகத் தூண்களையோ பழுதுபார்க்கும் சுழியோடியின் நிலை வேறு. அவன் மணிக்கணக்காக நீரடியில் நிற்க வேண்டியவன். மேலிருந்து குழாய்வழி வருங் காற்றே அவனுக்கு உயிர்.

ஜேர்மனியிற் பிறந்து இலண்டனிலே தொழில் நடத்திய ஓகஸ்டஸ் சீப் என்பார், 1830களில் செப்புத் தலைக்கவசத்தை நீர் புகாத உடையுடன் பொருத்தினார். 1782இல் ஸ்பிட்ஹெட்டில் மூழ்கிய றோயல் ஜோர்ஜ் என்னும் போர்க்கப்பலின் சிதைவுகளை 1839 தொடக்கம் அகற்றியபொழுது இவ்வுடை பெரிதும் பயன்பட்டது.

நேயர்களே, சுழியோடி 30 மீற்றர் ஆழத்தில் நிற்பதாகக் கொள்வோம். அங்கே அமுக்கம் நீர்மட்டத்திலுள்ளதைப் போல் நான்கு மடங்கு. அவ்வேளை மேலே காற்றுக்குழாய் அறுந்தால் என்னாகும்? கவசத்தினுள் இருக்கும் காற்று குழாய்வழியே மேலே பாயும்; சூழ்ந்த நீரோ அவனுடலை விறைத்த கவசத்தினுள் நெருக்கித் தள்ளும். இக்கொடுமையைத் தடுப்பது, குழாய் கவசத்தோடு இணையுமிடத்திலுள்ள சிறியதொரு ஒருவழி வால்வு. காற்றை உள்ளே விடும், திரும்ப விடாது. ஒரு மணற்பருக்கையோ உப்புப் படிவோ சிக்கினால் அது முற்றாக மூடாது. ஆதலின் ஒவ்வொரு நாளும், முதன்முறை நீரில் இறங்குமுன், குழாயைப் பூட்டாதிருக்கும்போதே, காற்று பின்னோக்கிக் கசிகின்றதா என்று சோதித்தல் வேண்டும். கசிந்தால் அக்கவசம் அன்று நீரைக் காணலாகாது. எத்துணை அவசர வேலையாயினும் இதில் விலக்கில்லை.

இக்காலத்துக் கவசங்கள் பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை. வேலை முடிந்ததும் நன்னீரிற் கழுவி நிழலில் உலர்த்துவர். வெயில் றப்பரைக் கெடுக்கும். வாயையும் மூக்கையும் மூடும் உள்முகமூடியைக் கிருமிநீக்கித் துடைப்பர். வெடிப்புக் கண்ட றப்பர் வளையங்களை மாற்றுவர். முகக்கண்ணாடி, தொலைபேசி, முதுகிற் சுமக்கும் அவசரக் காற்றுக்கலன் யாவும் பார்க்கப்படும். ஆண்டுதோறும் முழுவதையும் கழற்றிச் சோதித்தலும் உண்டு.

பார்த்தவற்றைப் பதிவேட்டில் எழுதி ஒப்பமிடுதல் வழக்கம். பாராமலே ஒப்பமிடும் பழக்கம் எல்லாத் தொழில்களிலும் உள்ளதுதான். ஆனால் இத்தொழிலில் அப்பொய்க்கு விலை கொடுப்பவன் நீரடியில் இருக்கின்றான். ஆகவே அனுபவமுள்ள சுழியோடி பிறர் சோதித்த கவசத்தைத் தானும் ஒருமுறை சோதித்தே அணிவான். பூட்டுக்கள் சரியாக விழுந்தபின் உதவியாளன் கவசத்தின் மேல் கையால் ஒரு தட்டுத் தட்டுவான். அதன்பின்னரே அவன் ஏணியில் இறங்குவான்.