உள்ளிருப்பவனுக்கும் ஒரு கதவு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின்னர் இமாம் சில வார்த்தைகள் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு நம் பள்ளிவாசலின் இரும்புக் கதவைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

உண்டியல் உடைக்கப்பட்ட பிறகு, இஷாத் தொழுகை முடிந்ததும் கிரில் கதவைப் பூட்டிச் சாவியை மோதினார் தம் வீட்டிற்கு எடுத்துச் செல்லட்டும் என்று யோசனை கூறியவன் நானே. மாடியில் தங்கி ஓதும் பிள்ளைகளை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் ஓர் இரவில், படிக்கட்டின் கீழுள்ள மீட்டர் பெட்டியிலிருந்து புகை கிளம்பியது. பிள்ளைகள் கதவுவரை ஓடி வந்து கம்பியைப் பிடித்துக் கூச்சலிட்டார்கள். சாவி வந்து சேரக் கால்மணி நேரம் ஆயிற்று. புகை தானே அடங்கியது அல்லாஹ்வின் அருள். ஆனால் அந்தக் கால்மணி நேரத்திற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அதன் பின்னரே கதவுகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். தீயணைப்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற நம் மஹல்லாச் சகோதரர் ஒருவர் பொறுமையுடன் எனக்குப் பாடம் சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கதவுக்கு இரண்டு கடமைகள். வெளியிலிருந்து வரும் தீங்கைத் தடுப்பது ஒன்று. உள்ளிருப்பவனைத் தடையின்றி வெளியே விடுவது மற்றொன்று. முதல் கடமைக்காக இரண்டாவதைப் பலி கொடுக்கும் கதவு, ஆபத்து வேளையில் சுவராகி விடுகிறது.

நம் மாநிலமே இதற்குச் சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலம் குன்றியோர் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். அவர்கள் ஓடிவிடக் கூடாதென்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தின் மாடிப் பந்தல் எரிந்தபோது, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். கூரைகள் எரிந்தன என்பது உண்மை. இறங்கி ஓடுவதற்குப் போதிய வழியில்லை என்பதும் உண்மை.

தலைநகர் தில்லியில் 1997 ஜூன் 13 அன்று உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தனர். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் புகையே. கூடுதல் இருக்கைகள் போட்டு ஒரு வழியை அடைத்திருந்தார்கள், கதவுகள் தாழிடப்பட்டிருந்தன. கராச்சியில் 2012 செப்டம்பர் 11 அன்று ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். அது திட்டமிட்டு வைக்கப்பட்ட தீ என்று 2020-ஆம் ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீ வைத்தவனின் குற்றம் அவனைச் சாரும். ஆனால் கம்பியடித்த சன்னல்களுக்கும் பூட்டிய கதவுகளுக்கும் பொறுப்பு யாரைச் சாரும்?

சகோதரர்களே! இதற்குத் தீர்வு கண்டு நூறாண்டுகளுக்கு மேலாகிறது. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் 1883 ஜூன் 16 அன்று, ஒரு காட்சிக்கு வந்த குழந்தைகள் பரிசு வாங்கும் ஆவலில் படிக்கட்டில் இறங்கி ஓடினர். கீழிருந்த கதவு உட்புறமாகத் திறப்பது. ஒருவர் மட்டுமே நுழையும் அளவுக்குத் தாழிடப்பட்டிருந்தது. 183 குழந்தைகள் நெரிசலில் மூச்சுத் திணறி இறந்தனர். தீ என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை! அதன் விளைவாக 1892-இல் ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் ஒரு தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து எவரும் திறக்க இயலாது. உள்ளிருந்து குறுக்குச் சட்டத்தின் மேல் உடல் சாய்ந்தாலே திறந்து கொள்ளும். பெரிய மருத்துவமனைகளிலும் வணிக வளாகங்களிலும் கதவின் குறுக்கே நீங்கள் காணும் சட்டம் அதன் வழி வந்ததுதான்.

இன்றைய தானியங்கிக் கதவுகளும் இதே நியாயத்தைப் பின்பற்றுகின்றன. தீத்தடுப்புக் கதவு என்பது தீயையும் புகையையும் குறிப்பிட்ட நேரம் தடுத்து நிறுத்துவது. திறந்து விட்டால் தானே மூடிக்கொள்வது. சில இடங்களில் அதை மின்காந்தம் திறந்த நிலையில் பிடித்து வைத்திருக்கும். அபாய மணி ஒலித்ததும் காந்தம் விட்டுவிடும், கதவு மூடிக்கொள்ளும். மூடுமே தவிரப் பூட்டாது; தள்ளினால் திறக்கும். காற்று வரட்டும் என்று அதற்குச் செங்கல்லை முட்டுக் கொடுப்பவர், படிக்கட்டிற்குள் புகையை அழைப்பவராவார்.

அட்டை காட்டியோ விரல் வைத்தோ திறக்கும் கதவுகளின் முறை வேறு. காந்தப் பூட்டு மின்சாரம் உள்ளவரை பிடித்திருக்கும். பேட்டரி இணைத்திருந்தால் மின்சாரம் நின்றாலும் விடாது. ஆகவே அதை அபாய மணியோடு இணைத்திருக்க வேண்டும். உள்ளிருப்பவர் கையால் அழுத்தி விடுவிக்கும் பெட்டியும் அருகில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் கிடங்குகளிலும் ஆலைகளிலும் இரவுப் பணி செய்கிறார்கள். இளைஞர்களே, பணிக்குச் சேரும் முதல் நாளில் சம்பளத்தைக் கேட்பது போலவே, "மின்சாரம் நின்றால் இந்தக் கதவு எப்படித் திறக்கும்?" என்றும் கேளுங்கள். உள்ளே ஆள் இருக்க வெளியே பூட்டச் சொன்னால், காவலாளியாக இருப்பவர் அதற்கு உடன்பட வேண்டாம்.

நம் கரையோரத்தில் தீ ஒன்றே அச்சம் என்பதுமில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து வீட்டைவிட்டு வெளியேறினார்கள். அவ்வேளையில் கண்ணெரிச்சலோடு இருட்டில் சாவி தேடும் நிலை எந்தக் குடும்பத்திற்கும் வரக்கூடாது.

மதீனாவில் ஒரு வீடு இரவில் குடும்பத்தார் உள்ளிருக்க எரிந்தபோது, தீ உங்களுக்குப் பகை, உறங்கு முன் அதை அணைத்து விடுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இரவில் கதவை மூடுமாறும் விளக்கை அணைக்குமாறும் பணித்தார்கள். மூடிய கதவு தீயும் புகையும் பரவுவதைத் தாமதப்படுத்தும் என்பதைத் தீயணைப்புத் துறையினரும் கூறுகின்றனர். ஆயினும் மூடுவது வேறு. உள்ளிருப்பவனால் திறக்க இயலாதபடி பூட்டுவது வேறு.

ஆகவே நிர்வாகத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: கிரில் கதவின் பூட்டை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து சாவியாலும் உள்ளிருந்து சாவியின்றியும் திறக்கும் பூட்டைப் பொருத்த வேண்டும். வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பும் கூறுவதே.

இரண்டு: தொழுகை மண்டபக் கதவுகளை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்ற வேண்டும். நெரிசலில் உட்புறமாக இழுக்க எவராலும் இயலாது.

மூன்று: பெண்கள் பகுதியின் படிக்கட்டில் சுருட்டிய பாய்கள், கஞ்சி அண்டாக்கள், ஒலிபெருக்கிப் பெட்டிகள் எவையும் இருக்கக் கூடாது. ரமளானின் கடைசிப் பத்து இரவுகளில் அங்கே எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதை யாவரும் அறிவோம்.

நான்கு: மீட்டர் பெட்டியைப் படிக்கட்டின் அடியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும்.

ஐந்து: மாதம் ஒருமுறை விளக்குகளை அணைத்து, மாடிப் பிள்ளைகள் தாமே கதவைத் திறந்து தெருவுக்கு வந்து சேரப் பழக்க வேண்டும். 101, 112 என்ற எண்களும் அவர்களுக்கு மனப்பாடம் ஆகட்டும்.

இதற்குச் செலவு ஆகும். மினாராவுக்கு வண்ணம் பூச ஒதுக்கிய தொகையிலிருந்து எடுப்பதானாலும் எனக்குச் சம்மதமே. உண்டியலில் போனது பணம். அதை ஜமாஅத் மீண்டும் நிரப்பிவிட்டது. தம் பிள்ளைகளை நம்மிடம் அனுப்பிய தாய்மார்களோ வெளியூர்களில் நிம்மதியாக உறங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

தீர்மானம் நிறைவேறிப் புதிய பூட்டு வரும்வரை காத்திருக்க என் மனம் இடம் தரவில்லை. மோதினார் அவர்களிடம் நேற்றே சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்றிரவு முதல் மாடியில் பிள்ளைகளோடு நானும் உறங்குவேன். சாவி கதவின் உட்புறம் ஆணியில் தொங்கும்.

அல்லாஹ் நம் மஹல்லாவையும் இக்கரையோர மக்கள் அனைவரையும் தீயின் தீங்கிலிருந்து காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.