குத்தூசியும் கல்லுப்பும்

(தூத்துக்குடியில் நிகழ்த்திய அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 கூட்டத்தில் தோல் தைப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அமைப்பாளர்களில் ஒருவர் தயங்கினார். "இது இலக்கிய மேடைண்ணே" என்றார். சரி, இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

புறநானூற்றின் 82ஆம் பாட்டைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். போர்வைக் கோப்பெருநற்கிள்ளி எவ்வளவு விரைவாகப் போரிட்டான் என்று சொல்ல அவருக்கு ஓர் உவமை தேவைப்பட்டது. ஊரில் திருவிழா. வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம். மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த நேரத்தில் ஒருவன் கட்டில் பின்னி முடித்தாக வேண்டும். அவன் கையில் தோல்வாரைச் செலுத்துகிற ஊசி எப்படி ஓடுமோ, அரசன் அப்படிப் போரிட்டான் என்கிறார். எவ்வளவு நெருங்கி நின்று அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும்! ஆனால் கைக்கு உரியவனை அவர் குறிக்கிற சொல் 'இழிசினன்'. வேலையின் அழகை எடுத்துக்கொண்டு ஆளைத் தள்ளி வைப்பது அன்றே இருந்திருக்கிறது.

என் அப்பா இந்த ஊரில் தெருவோரத்தில் ஒரு மரப்பெட்டியோடு உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். என்னை அந்தப் பெட்டியைத் தொட விடமாட்டார். "நீ படி" என்பார், அவ்வளவுதான். அம்பேத்கர் 1927இல் மகத் மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள், இழிவைச் சுமத்தும் வழக்கங்களை விடுங்கள் என்று சொன்னதை அப்பா படித்ததில்லை. ஆனாலும் அதைத்தான் செய்தார். 2016இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, அங்குள்ள தலித் மக்கள் மாட்டுச் சடலங்களைக் கொண்டுபோய் அரசு அலுவலகத்தின் முன் போட்டார்கள். விடுவதும் ஒரு போராட்டம்.

அப்படியானால் நான் ஏன் குத்தூசியோடு இங்கே வந்து நிற்கிறேன்? சில ஆண்டுகளாக என்னிடம் இளைஞர்கள் வருகிறார்கள். பொறியியல் படித்தவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள். வாரக் கடைசியில் பர்ஸ் தைக்க, பெல்ட் செய்யப் பழக வேண்டும் என்கிறார்கள். நல்ல விஷயம்தான். அவர்களோடு நம் பிள்ளைகளும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். 2009இன் 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போன ஒரு மாணவி, "எங்க தாத்தா செஞ்சத எனக்குச் செய்யத் தெரியாது, யூடியூப்ல பாத்துக் கத்துக்கிறேன்" என்றாள். அப்பா விட்டது கட்டாயத்தை. அதோடு சேர்ந்து அறிவும் போய்விட்டது. அதை மட்டும் நான் திரும்பக் கேட்கிறேன்.

இனி வேலைக்கு வருகிறேன்.

முதலில் தோலை அறிய வேண்டும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை. மரப்பட்டையில் பதனிட்டது ஒன்று, குரோம் உப்பில் பதனிட்டது இன்னொன்று. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். முழுதும் பழுப்பென்றால் பெரும்பாலும் பட்டை. சாயம் உள்வரை ஏறியிருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு சின்னத் துண்டைக் கொதிநீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு விறைத்துவிடும், குரோம் தோல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கற்றுக்கொள்கிறவருக்குப் பட்டைத் தோலே நல்லது. நனைத்தால் வளையும், காய்ந்தால் அந்த வடிவிலேயே நிற்கும், விளிம்பைத் தேய்த்தால் மினுங்கும்.

முன்பு அந்தப் பட்டை எது தெரியுமா? நம் மாவட்டத்துக் காட்டில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே, ஆவாரை, அதன் பட்டைதான். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல் 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. அதற்கு இப்போது புவிசார் குறியீடும் உண்டு. எந்தப் பெயரில்? 'ஈ.ஐ. லெதர்', ஈஸ்ட் இந்தியா லெதர். பட்டையை இடித்தவன் பெயரும் இல்லை, குழியில் இறங்கி மிதித்தவன் பெயரும் இல்லை. கம்பெனியின் பெயர் இருக்கிறது.

வெட்டும்போது முதுகெலும்பு ஓடிய திசையைத் தேடுங்கள். வாரும் பெல்ட்டும் அந்தத் திசையில்தான் வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுபடும். "வயித்துத் தோல்ல வார் வெட்டுனவன் மறுமாசம் கெட்ட பேரு வாங்குவான்" என்பார் அப்பா. ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள். மூன்று முறை லேசாக ஓட்டுங்கள். மொட்டைக் கத்திதான் கையைக் கிழிக்கும், தீட்டிய கத்தி அல்ல. நனைந்த பட்டைத் தோலின் மேல் இரும்புச் சாமானை வைக்கவே கூடாது, கருங்கறை விழும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் மையாகிறதே, அதே சங்கதி. கறை விழுந்தபின் தேய்த்துப் பயனில்லை, முழுத் தோலுக்கும் கறுப்பேற்றிவிடுங்கள்.

தையலில்தான் எல்லாம் இருக்கிறது. துளைகளைச் சீராகக் குறிக்க இப்போது கடையில் பல் வைத்த கருவி விற்கிறார்கள். அப்பா உடைந்த கடிகாரத்தின் பல்சக்கரத்தை உருட்டிக் குறித்துக்கொள்வார். அங்குலத்துக்கு ஆறு துளை பர்ஸுக்குப் போதும். தைக்கிற நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுத்து, தேன்மெழுகில் இழுத்து, இரு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். ஒரே துளையில் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். முதலில் எந்தப் பக்கத்து ஊசி போகிறதோ, கடைசிவரை அதுதான் முதலில் போக வேண்டும். மாற்றினால் தையல் கோணும். இரண்டாவது ஊசி நுழையும்போது முதல் நூலைக் குத்திவிடாமல் சற்றே பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள். முடிவில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து நறுக்குங்கள். இயந்திரத் தையலில் ஓரிடம் அறுந்தால் வரிசையாகப் பிரிந்து வரும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

சொல்யூஷன் ஒட்டுவதைச் சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அப்பா திறந்த தெருவில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் மூக்கு எப்போதும் டப்பாவின் மேலேயே இருந்தது. கடைசிக் காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்தவன் நான்.

இந்தக் கரைக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும், உப்பு. உரித்த பச்சைத் தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதைக் காப்பது கல்லுப்புதான். அதே உப்பு பதனிடும் இடத்தில் கழுவப்பட்டு ஆற்றுக்குப் போகிறது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னபோது, கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்றது. அந்தக் கழிவில் வெறுங்காலோடு நின்றவர்களைப் பற்றித்தான் நாம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. பதனிட்டு முடிந்த தோலுக்கோ உப்பு பகை. ஈரத்தை இழுக்கும், வெள்ளை பூக்கும், காய்ந்ததும் தோல் வெடிக்கும். கடற்கரைக்குப் போட்டுப் போன செருப்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வேண்டாம். காய்ந்தபின் விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவுங்கள். ஐப்பசி கார்த்திகையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பழைய செய்தித்தாளை உள்ளே திணித்துக் காற்றாட வையுங்கள். பருத்தி நூல் இங்கே இற்றுவிடும், மெழுகிட்ட நைலான் போடுங்கள்.

உப்பளத்துக்குப் போகிறவர்கள் கேட்டால் அப்பா தோல் செருப்பு தரமாட்டார். அதில் வருமானம் கூடுதல்தான், ஆனால் தரமாட்டார். "ஒன் கூலி ரெண்டு மாசத்துல கரைஞ்சிரும்த்தா" என்று சொல்லி, பழைய லாரி டயரை வெட்டி வார் வைத்துத் தருவார். பாத்தியின் உப்புநீரைத் தாங்குவது அதுதான்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தைத்த பர்ஸைக் 'கைவினை' என்று 2000 ரூபாய் கொடுத்து வாங்குகிறவர், தெருவோரத்தில் அதே தையலுக்கு 50 ரூபாயா என்று பேரம் பேசுவார். காசைக் கையில் கொடுக்காமல் பெட்டிமேல் போடுவார். அப்பாவுக்குப் போட்டதைப் பொறுக்கியவன் நான். எனவே பழகுகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு. எத்தனை மணி நேரம் ஆனதென்று எழுதிவைத்து விலை போடுங்கள். தெருவோரத்தில் இருப்பவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் அந்த மணிக்கும் கூலி கொடுங்கள், யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

குத்தூசி ஆறு கொண்டுவந்திருக்கிறேன். அதில் ஒன்று அப்பாவுடையது, பிடி தேய்ந்து என் கைக்கே சரியாகப் பொருந்தாது. பட்டைத் தோல் துண்டுகளும் நூலும் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். மெழுகு மட்டும் கொஞ்சம் குறைவு, பார்த்து இழுங்கள்.