தம்பி ஊருக்குத் திரும்பலாமா என்று கேட்டால்...

(வானொலியில் பண்ணை நேரத்தில் புதுக்கோட்டை மாவட்ட விவசாயி ஒருவர் பேசியது)



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ நான் பேச வரவில்லை. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் துபாய், சவூதி, மஸ்கட், சிங்கப்பூர், மலேசியா என்று போயிருக்கிறார். அப்படிப் போனவர் ஒரு நாள் போனில், "ஊருக்கே வந்துடட்டுமா?" என்று கேட்பார். அதற்கு நாம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைத்தான் பேசப் போகிறேன். கேட்பவர் அங்கே இருந்தாலும், பதில் நம் வயலில்தான் இருக்கிறது. ஆகவே இதுவும் விவசாயப் பேச்சுதான்.

எனக்குச் சொந்த ஊர் ஆலங்குடிப் பக்கம். அப்பா விட்டுப் போன நிலம் நாலரை ஏக்கர். என் தம்பி 2007-இல் சார்ஜாவுக்கு வெல்டர் வேலைக்குப் போனான். 2025 மாசியில் ஒரு ராத்திரி போன் செய்தான். "அண்ணே, பதினெட்டு வருஷம் ஆச்சு. போதும்னு தோணுது. வந்து தோப்பைப் பார்த்துக்கிட்டு இருந்துடலாமா?" என்றான். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "வாடா, நிலம் இருக்கு, நான் இருக்கேன், உனக்கு என்ன குறை?" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்றால் நான் அவனிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயல் உங்களுக்கு மறந்திருக்காது. எங்கள் தோப்பில் நூறு மரம் நின்ற இடத்தில் பத்தொன்பது மரம் மிஞ்சியது. தம்பி அடுத்த பொங்கலுக்கு வந்து பார்த்து அழுதுவிட்டு, எழுபது கன்றுக்குப் பணம் கொடுத்துப் போனான். நட்டேன். இரண்டு கோடையில் பாதிக்கு மேல் காய்ந்து போயிற்று. போரில் தண்ணீர் குறைந்துவிட்டது. செத்த கன்று இருந்த குழியில் வேறு கன்று வைத்தேன், அவனிடம் சொல்லவில்லை. அவன் லீவில் வருவது எப்போதும் தை மாதம். அப்போது கிணற்றில் தண்ணீர் நிற்கும், வரப்பெல்லாம் பச்சையாக இருக்கும். அவனும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று நம்பி, கையில் இருந்ததோடு கடனும் வாங்கி வீட்டுக்கு மாடி கட்டினான். தண்ணீருக்குப் போயிருக்க வேண்டிய பணம் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போயிற்று.

ஏன் மறைத்தேன்? அவன் மனசு கஷ்டப்படக் கூடாது என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாசா மாசம் அவன் அனுப்பும் பணத்தில் என் குடும்பமும் நடந்தது. என் மகள் கல்யாணத்துக்கு அவன்தான் கைகொடுத்தான். அவன் வந்துவிட்டால் பணம் நிற்கும், நிலத்தைப் பாகம் வைக்க வேண்டும். "வா" என்று சொன்ன வாய்க்கும் அடிமனசுக்கும் சம்பந்தமில்லை. உங்களில் பலருக்கும் இப்படி ஒரு மனசு இருக்கும். அது பாவம் இல்லை. ஆனால் அதை மறைத்துப் பதில் சொன்னால் ஒரு குடும்பம் கெட்டுப் போகும்.

மறுநாள் நானே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "இதை மாடி கட்டறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமேண்ணே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "சரிடா, இந்தத் தடவை பொங்கலுக்கு வராதே. சித்திரையில் வா. வெயிலில் நிலத்தைப் பாரு. பிறகு முடிவு பண்ணு" என்றேன். வந்தான். இரண்டு மாதம் இருந்தான். அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் செய்ததைத்தான் உங்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது தண்ணீர்க் கணக்கு. இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, அது நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். எங்கள் போரில் நாலு நிமிடம் ஆயிற்று. அப்படியென்றால் நிமிடத்துக்கு ஐம்பது லிட்டர். ஆனால் நாற்பது நிமிடம் ஓடியதும் காற்று வாங்கியது. ஆக ஒரு தடவைக்கு 2,000 லிட்டர். மூன்று மணி நேரம் விட்டு விட்டு ஓட்டினால் நாளைக்கு மூன்று தடவை, 6,000 லிட்டர். காய்க்கிற தென்னைக்குச் சொட்டு நீர் கொடுத்தால் கோடையில் நாளைக்கு ஏறக்குறைய 65 லிட்டர் வேண்டும். எழுபது மரத்துக்கு 4,550 லிட்டர். மிச்சம் 1,450 லிட்டர். அதை வைத்துக் கோடையில் கடலை போட முடியாது. தோப்பும் கடலையும் சேர்ந்து நடக்கும் என்று தம்பி போட்டிருந்த கணக்கு, ஒரு டிரம்மை வைத்துப் பார்த்ததிலேயே தவறு என்று தெரிந்துவிட்டது. வாய்க்காலில் பாய்ச்சினால் தோப்புக்கே போதாது. ஆகவே சொட்டு நீர் போடாமல் திரும்பி வருவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது மண்ணும் தண்ணீரும் பரிசோதனை. வரப்போரம், மரத்தடி, எருக்குழி, கிணற்றுப் பக்கம் இவற்றை விட்டுவிட்டு, வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' எழுத்துப் போல ஆறு அங்குலக் குழி வெட்டி, அதன் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவி மண் எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நாலு பங்காக்கி, எதிர் எதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். தென்னைக்கு ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழத்தில் தனித்தனியாக எடுக்க வேண்டும். தண்ணீருக்கு, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடித்துக் கொடுங்கள். பல வருஷச் சேமிப்பைப் போடுகிற நிலத்துக்கு இந்தச் சோதனைகூடச் செய்யாமல் இருக்கலாமா?

மூன்றாவது பத்திரம். எங்கள் பட்டா கூட்டுப் பட்டா. அப்பா காலமாகி ஒன்பது வருஷம். பேச்சுக்குத்தான் "உன் பங்கு, என் பங்கு". தம்பி லீவில் இருக்கும்போதே வாரிசுச் சான்று எடுத்து, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவுக்கு மனுக் கொடுத்தோம். எங்கள் தங்கையையும் கூட்டி வைத்துத்தான் செய்தோம். பெண் பிள்ளைகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு. அவர்களை விட்டுவிட்டுப் பாகம் வைத்தால் அது நிற்காது. தங்கை தன் பங்குக்கு அரை ஏக்கர் போதும் என்றாள், கொடுத்தோம். பட்டா தனியாக இருந்தால்தான் மானியம், கடன் எல்லாம் அலையாமல் கிடைக்கும். சிறு குறு விவசாயிக்கு நம் மாநிலத்தில் சொட்டு நீருக்கு நூறு சதவீத மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் உண்டு. அதற்குப் பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், தாசில்தார் கொடுக்கும் சிறு குறு விவசாயிச் சான்று இவை வேண்டும்.

இன்னொன்றும் கவனம். வெளிநாட்டில் குடியிருப்பவர் என்ற கணக்கில் உள்ள இந்தியர், விளைநிலத்தை விலைக்கு வாங்கப் பொதுவாகச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் பணத்தை அனுப்பி, அண்ணன் பேரிலும் மச்சான் பேரிலும் நிலம் வாங்கச் சொல்லி, திரும்பி வந்தபின் கோர்ட்டு வாசலில் நிற்கிற குடும்பங்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. நிலம் வாங்குவதை, நிலையாக ஊர் வந்தபின் சொந்தப் பேரில் செய்வதே நல்லது. வாங்கும் முன் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

நான்காவது, அங்கே வர வேண்டிய பாக்கி. ஐக்கிய அரபு நாடுகளில் முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்குமேல் வருஷத்துக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகத் தர வேண்டும். தம்பிக்குப் பதினெட்டு வருஷம். முதல் ஐந்துக்கு 105 நாள். மீதிப் பதின்மூன்றுக்கு 390 நாள். ஆக 495 நாள், பதினாறரை மாதச் சம்பளம். இது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும். வீட்டுப்படி, சாப்பாட்டுப்படி சேராது. 2022 பிப்ரவரியில் வந்த சட்டப்படி, தானாக வேலையை விட்டாலும் இது குறையாது. சவூதியில் கணக்கு வேறு. அங்கே முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் அரை மாதச் சம்பளம், பிறகு வருஷம் ஒரு மாதச் சம்பளம். ஆனால் பத்து வருஷத்துக்குள் தானாக விலகினால் முழுசும் கிடைக்காது. ஆகவே கோபத்திலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறக் கூடாது. முன்னறிவிப்புக் கொடுத்து, அங்குள்ள வங்கிக் கடனை அடைத்து, கணக்கை முடித்து வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். இங்கே வந்தபின் என்.ஆர்.இ. கணக்கை வங்கியில் சொல்லிச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, வருமானம் எப்போது வரும் என்பது. அங்கே மாதம் முடிந்தால் சம்பளம். இங்கே கடலை நூற்றைந்து நாளுக்கு மேல். ஆடு சினை ஐந்து மாதம்; குட்டி வளர்ந்து விற்க அதற்குமேல். நெட்டைத் தென்னை காய்க்க ஐந்திலிருந்து ஏழு வருஷம். அதுவரை வீட்டுச் செலவு யார் தருவது? இரண்டு வருஷச் சாப்பாட்டுச் செலவைத் தனியாக வங்கியில் போட்டு வைத்து, அதைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்த பிறகே வேலையை விட வேண்டும். பணிக்கொடை மொத்தத்தையும் டிராக்டர் வாங்கவும் போர் போடவும் கொட்டிவிடாதீர்கள். போரில் தண்ணீர் வரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஆறாவதாகச் சொன்னாலும் முதலில் கேட்டிருக்க வேண்டியது வீட்டுப் பெண்களை. பதினெட்டு வருஷமாக மாடு கறந்தது, ஆள் விட்டுக் களை எடுத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது எல்லாம் தம்பி சம்சாரம்தான். நாங்கள் இருவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அது ஒரு வார்த்தை சொன்னது: "மாமா, அவுக வரட்டும். ஆனா வந்ததும் எனக்கு யோசனை சொல்ல வேணாம். ஒரு வருஷம் கூட நின்னு பாக்கட்டும்." அதைவிட நல்ல ஆலோசனையை நான் எந்த அதிகாரியிடமும் கேட்டதில்லை.

உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்கில் வெயிலிலும் அனலிலும் நின்ற உடம்பு. தம்பிக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது இந்த லீவில்தான் தெரிந்தது. திரும்ப நினைக்கிறவர்கள் சர்க்கரை, கொதிப்பு, சிறுநீரகம் மூன்றையும் சோதித்துவிட்டு, மண்வெட்டி எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்.

நேரம் இருக்கும்போதே இதையெல்லாம் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கட்டிய துணியோடு விமானம் ஏறி வந்தார்கள். 2020-இல் கொரோனா வந்தபோதும் வேலை போய்ப் பலர் வந்தார்கள். திரும்பலாமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டு யோசிக்க அவகாசம் கிடைத்தவர் கொடுத்து வைத்தவர். அந்த அவகாசத்தைப் பொய் சொல்லி வீணாக்கக் கூடாது.

தம்பி என்ன முடிவு செய்தான் என்று கேட்பீர்கள். உடனே வரவில்லை. 2027 தை என்று நாள் குறித்துவிட்டான். அதற்குள் மாடிக் கடன் அடையும், மகள் படிப்பு முடியும். அவன் பங்கில் சொட்டு நீர் போட்டாகிவிட்டது. கடலையை விட்டுவிட்டு, மானாவாரியில் தீவனச் சோளமும் பத்து ஆடும் என்று தொடங்கியிருக்கிறோம். அதைத் தம்பி சம்சாரமே பார்க்கிறது. மாதம் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி இப்போது என் கைக்கு வருவதில்லை. அவன் திரும்பி வரும் கணக்கில் சேருகிறது. எனக்குக் கொஞ்சம் நெருக்கம்தான். இருந்தாலும் இப்போது ராத்திரி தூங்குகிறேன்.

மாதம் ஒரு முறை போனில் தோப்பைக் காட்டுகிறேன். செத்த கன்று இருந்தால் அதையும் காட்டுகிறேன்.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை "வந்துடட்டுமா?" என்று கேட்டால், "வா" என்றும் "வராதே" என்றும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். டிரம் எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது, பட்டா யார் பேரில் இருக்கிறது, கடன் எவ்வளவு இருக்கிறது, இந்த மூன்றையும் உள்ளபடி சொல்லுங்கள். சித்திரை வெயிலில் ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கள். மற்றதை அவர் முடிவு செய்துகொள்வார்.